சைக்கிளில் ஒரு தேசம்: கிரகாம் றொப்பின் இரு நூல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

பாரிஸில் இருப்பவர்களுக்கு லாசப்பலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லண்டனில் இருக்கும் எமக்கும் அப்படித்தான். கார் டு நோர் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. அதற்குப் பிறகு முருங்கைக்காய், கருவாடு, நகைக்கடை, சேலைக்கடை, சலூன். 1985இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் வரும் நாளில் தெரு முழுவதும் உடைந்த தேங்காய்.

இந்த லாசப்பலில் ஒரு கணவாய் இருக்கின்றது என்று ஓர் ஆங்கில எழுத்தாளர் எழுதியிருக்கின்றார். எம்மவர் காதில் இது விழுந்தால் மீன்கடையில் ஐஸின் மேல் கிடக்கும் கணவாயைத்தான் நினைப்பார்கள். அவர் சொல்வது மலைக்கணவாய், எங்கள் கடுகண்ணாவையைப் போல. மொன்மாத் மேட்டுக்கும் பெல்வில் மேட்டுக்கும் நடுவே நிலம் தாழ்ந்து வழிவிடுகின்ற இடம்தான் லாசப்பல். வடக்கிலிருந்து பாரிஸுக்குள் நுழையும் பழைய பாதையும், பின்னர் வந்த ரயில்பாதைகளும் அந்தத் தாழ்வைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தன. பிரான்ஸில் 'நூறு கணவாய்கள் சங்கம்' என்றொரு சைக்கிள்காரர் சங்கம் இருக்கின்றது. குறைந்தது நூறு கணவாய்களைச் சொந்தக் கால்வலுவில் ஏறிக் கடந்தவர்களே அதில் உறுப்பினராகலாம். லாசப்பலையும் ஒரு கணவாயாக ஏற்கும்படி அந்தச் சங்கத்திடம் இவர் வாதாடுகின்றார். 'பரிசியன்ஸ்' (2010) என்ற நூலின் கடைசிப் பகுதி இது.

2010இல் லாசப்பலுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் நான் பத்தொன்பது நாட்கள் இருந்திருக்கிறேன். மேட்டையோ பள்ளத்தையோ கவனித்ததாக ஞாபகமில்லை. வெளியே திரியக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். அந்த நிலம் எப்படிச் சரிகின்றது என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு, லண்டனில், ஒரு சைக்கிள்காரரின் புத்தகத்தில்தான் அறிந்துகொண்டேன். இந்தக் கட்டுரை எழுதவேண்டும் என்று தோன்றியதற்கு அதுவே காரணம்.

கிரகாம் றொப் 1958இல் மான்செஸ்ரரில் பிறந்தவர். பல்ஸாக், விக்டர் ஹியூகோ, றம்போ ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர். 'த டிஸ்கவரி ஒவ் பிரான்ஸ்' என்ற அவரது நூல் 2007இல் வெளிவந்தது. பதினாலாயிரம் மைல் சைக்கிள் ஓட்டமும் நான்கு வருட நூலக வாசிப்பும் சேர்ந்தே இந்த நூல் உருவானதாக அவர் சொல்கின்றார். 2008இல் இதற்கு ஒண்டாச்சி பரிசு கிடைத்தது. ஓர் இடத்தின் உயிரை எழுத்தில் கொண்டுவரும் நூலுக்கு வழங்கப்படும் அந்தப் பரிசை நிறுவியவர் இலங்கையில் பிறந்த கிறிஸ்ரோபர் ஒண்டாச்சி. ஒரு சரிற்றிக் கடையில் ஒரு பவுணுக்கு இதை வாங்கினேன். வேலைக்குப் போகும் பஸ்ஸிலும், மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து பின்னேரக் கூட்டம் வருவதற்கு இடையில் கிடைக்கும் இரண்டு மணித்தியாலத்திலும், குசினிக்குப் பின்னாலிருந்த எண்ணெய் டின்னில் குந்தியிருந்தும் வாசித்து முடித்தேன். இரண்டாம் முறையும் வாசித்தேன்.

சைக்கிள் பயண நூல் என்றால் ஆங்கிலத்தில் ஒரு வாய்பாடு இருக்கின்றது. நடுவயது ஆண் ஒருவர் பழக்கமில்லாமல் புறப்படுவார். முழங்கால் நோகும், மழை பெய்யும், கிராமத்து ஹோட்டலில் நல்ல வைன் கிடைக்கும், கடைசியில் தன்னைக் கண்டுபிடிப்பார். ரிம் மூர் எழுதிய 'பிரெஞ்ச் றெவொலூஷன்ஸ்' இவற்றில் நல்ல நகைச்சுவையுள்ளது. 2000ஆம் ஆண்டு தூர் டு பிரான்ஸ் பந்தயப் பாதையை, பந்தயம் தொடங்குமுன் தனியாக ஓட்டிப் பார்த்த கதை. சிரித்துக்கொண்டே வாசிக்கலாம். ஆனால் அங்கே பிரான்ஸ் என்பது ஓட்டுபவரின் கால்வலிக்குப் பின்னால் தொங்கும் ஒரு திரைச்சீலை மட்டுமே.

றொப் இந்த வாய்பாட்டை உடைத்துவிட்டார். நூலில் அவருடைய சைக்கிள் அனேகமாகக் கண்ணில் படுவதே இல்லை. படுவது நிலமும் அதில் நடந்தவர்களும்தான். ரயிலும் காரும் தேசத்தைச் சுருக்கிவிட்டன. சைக்கிள் வேகத்தில் போனால்தான் பழைய பிரான்ஸின் உண்மையான பருமன் தெரியும் என்பது அவருடைய கட்சி. அந்தப் பருமன் தெரிந்தபிறகு 'பிரான்ஸ்' என்ற ஒற்றைச் சொல் கைக்குள் நிற்காமல் உதிர்கின்றது. 1794இல் அபே கிறெகுவார் சமர்ப்பித்த அறிக்கையின்படி, குறைந்தது அறுபது இலட்சம் பிரெஞ்சுப் பிரஜைகளுக்குப் பிரெஞ்சு மொழி அறவே தெரியாது. இன்னும் அறுபது இலட்சம் பேரால் அதில் தொடர்ச்சியாகப் பேசமுடியாது. சுத்தமாகப் பேசக்கூடியவர்கள் முப்பது இலட்சத்துக்கு மேல் இல்லை. புரட்சி செய்த தேசத்தின் நிலை இது. ஒரே மொழி, ஒரே மக்கள், அனாதி காலந்தொட்டு ஒரே நாடு என்று எந்தத் தேசியவாதி சொன்னாலும், அது எங்கள் பக்கத்துத் தேசியவாதியாக இருந்தாலும், இந்த எண்களை நினைத்துக்கொள்வது நல்லது. விவசாயிகள் எவ்வாறு பிரெஞ்சுக்காரர் ஆக்கப்பட்டார்கள் என்று இயூஜின் வெபர் 1976இலேயே எழுதிவிட்டார். றொப் செய்தது அதற்குக் கண்ணும் காலும் கொடுத்தது.

நூலின் தொடக்கம் மறக்கமுடியாதது. 1740களின் ஆரம்பத்தில், கசினியின் தேசப்படத்துக்காக அளவெடுக்கச் சென்ற இளைஞன் ஒருவன் மெசாங்க் மலையடிவாரத்தில் லெஸ் எஸ்தாப்ல் என்ற கிராமத்தில் ஊராரால் வெட்டிக் கொல்லப்படுகின்றான். கையில் விளங்காத கருவிகள், வாயில் விளங்காத மொழி. வேறொரு எழுத்தாளர் இதை 'காட்டுமிராண்டிகள்' என்ற ஒரே சொல்லில் கடந்து போயிருப்பார். றொப் கொலையுண்டவனுக்காகவும் வருந்துகின்றார், கொன்றவர்களின் பயத்தையும் விளங்கிக்கொள்கின்றார். எமக்கு இந்தப் பயம் புதிதல்ல. ஊருக்குள் ஒருவன் பேப்பரும் பேனையுமாக வந்து வீடுகளை எண்ணினால், பின்னால் யார் வருவார்கள் என்று 1996க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அளந்தவன் பின்னால் வரி வரும், படை வரும். அதற்காக அளந்த பொடியனைக் கொல்வது நியாயமாகிவிடாது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லக்கூடிய நிதானம் றொப்பிடம் இருக்கின்றது. எம்மவர் எழுத்தில் அது அரிது.

இனி எனக்கு உடன்பாடில்லாத இடம்.

பிரான்ஸின் தென்மேற்கிலும் பிரனீஸ் மலையின் இருபுறமும் 'காகோ' என்று அழைக்கப்பட்ட மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். மொழியில் வித்தியாசமில்லை, மதத்தில் வித்தியாசமில்லை, தோற்றத்திலும் இல்லை. ஆனால் அவர்கள் தேவாலயத்துக்குள் நுழையத் தனியான சிறிய வாசல். தீர்த்தத் தொட்டி வேறு. சில இடங்களில் வாத்தின் கால் வடிவத்தில் சிவப்புத் துணியை உடையில் தைத்துக்கொள்ள வேண்டும். அனேகமானோருக்கு விதிக்கப்பட்ட தொழில் தச்சு. அந்தச் சிறிய வாசல்கள் இன்றும் சில தேவாலயங்களில், கல்லால் அடைக்கப்பட்ட நிலையில், தெரிகின்றன. ஐரோப்பாவில் சாதி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் எம்மவர் போய்ப் பார்க்கவேண்டிய இடங்கள் அவை.

இவர்கள் யார் என்பது றொப்புக்கு ஒரு புதிர். வீழ்ச்சியுற்ற மத்தியகாலத் தச்சர் குழு ஒன்றின் வழித்தோன்றல்களாக இருக்கலாம் என்று ஊகிக்கின்றார். ஊகம் கெட்டித்தனமானது. ஆனால் கேள்வியே பிழையான இடத்திலிருந்து கேட்கப்படுவதாக எனக்குப் படுகின்றது. ஒதுக்கப்பட்டவன் எங்கிருந்து வந்தான் என்று தேடுவது ஒதுக்கியவனின் கேள்வி. அவனுடைய மூலத்தில் ஏதோ இரகசியம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏன் ஒதுக்குவார்கள் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கின்றது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றவர்களிடம் யாரும் பூர்வீகம் கேட்கவில்லை. கே. டானியல் 'பஞ்சமர்' (1972) நாவலில் கேட்பதும் பூர்வீகக் கேள்வியல்ல. தனிப் போத்தலில் தேத்தண்ணி கொடுப்பதால் யாருக்கு என்ன லாபம், யாருடைய காணியில் யார் கூலியில்லாமல் வேலை செய்கிறார்கள் என்பதே அங்கே கேள்வி. சிறிய வாசலைப் பற்றி எழுதும்போது றொப் வாசலின் உயரத்தை அளக்கின்றார். பெரிய வாசலால் போனவர்களிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். சைக்கிளில் வந்தவர் எங்கும் விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரரை அதிகம் குடைவதில்லை.

நூலின் சிறந்த பகுதி, என் அபிப்பிராயத்தில், இடம்பெயர்ந்து திரிந்த தொழிலாளர் பற்றியது. சவோயிலிருந்து புகைபோக்கி துடைக்க வந்த சிறுவர்கள், பருவத்துக்குப் பருவம் ஊர்விட்டு ஊர் நடந்த கொத்தர்கள், தலைச்சுமை வியாபாரிகள். கிராமம் என்றால் அசையாமல் கிடப்பது என்ற எண்ணத்தை இந்த அத்தியாயம் கலைத்துவிடுகின்றது. பிரெஞ்சுத் தேசியத்தின் திருவிழாவான தூர் டு பிரான்ஸின் முதல் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1903இல் ஆறு கட்டங்களாக 2428 கிலோமீற்றர். வென்றவர் மொறிஸ் கறான். இத்தாலியின் அவோஸ்தா பள்ளத்தாக்கில் பிறந்து, புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்து, பின்னர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். அன்றைக்கு ஒரு வெளிநாட்டுக் கூலிப் பொடியன்.

ஆனால் றொப்பின் நூல் முதலாம் உலகப் போரோடு நின்றுவிடுகின்றது. நூலின் எல்லையே அதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அவர் ஓட்டியது இன்றைய பாதைகளில். அதே நிலத்தால் வேறு விதமாகப் போனவர்களும் இருக்கிறார்கள். அங்கேதான் சைக்கிள் வேகம் பற்றிய அவரது கட்சியை நான் மறுபரிசீலனை செய்யவேண்டியிருக்கின்றது.

சைக்கிள் எமக்கு உல்லாசப் பொருளாக இருந்ததில்லை. 1990இல் பொருளாதாரத் தடை தொடங்கியபிறகு யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது. விறகும் வெங்காய மூட்டையும் நோயாளியும் சைக்கிளில் போனார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பாவின் சைக்கிள் பாரில் தங்கச்சி, கரியரில் அரிசியும் உடுப்பும், நான் கரியரைப் பிடித்தபடி. நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளை ஓட்டுவது இருக்கட்டும், உருட்டுவதற்கே இடமில்லை. மழை. பத்து மைல் தூரத்துக்கு ஓர் இரவும் அடுத்த நாள் மத்தியானமும் எடுத்தது. நிலத்தின் உண்மையான பருமனைச் சைக்கிள் காட்டும் என்று றொப் சொல்வது சரிதான். அந்தப் பத்து மைலின் பருமன் எனக்கு இன்றைக்கும் தெரியும். ஆனால் பாதையோரத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. முன்னால் போனவரின் முதுகு மட்டும் தெரியும்.

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு பாரிஸிலிருந்து கலேக்கு ஒரு லொறியின் பின்பகுதியில் வந்தேன். ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர். பிக்கார்டியும் ஆர்துவாவும், முதலாம் உலகப் போரின் மயானங்களும் அந்தப் பாதையில் இருந்தன என்று இப்போது படத்தில் பார்த்து அறிகிறேன். ஏற்ற இறக்கத்தை றொப் தன் கால் தசையால் அறிகின்றார். நான் லொறி கியர் மாற்றும் சத்தத்தில் அறிந்தேன். 1995இல் எறும்பு வேகம், 2010இல் நெடுஞ்சாலை வேகம். இரண்டிலும் நான் கண்டது ஒன்றுதான், ஒன்றுமில்லை.

ஆகவே கண்டுபிடிப்பைத் தருவது வேகமல்ல என்று சொல்லத் துணிகிறேன். நிற்கும் உரிமைதான் அதைத் தருகின்றது. விரும்பிய இடத்தில் இறங்கி, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, இந்த வாசல் ஏன் சிறிதாக இருக்கின்றது என்று பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஒருவரும் 'நீ யார், ஏன் நிற்கிறாய்' என்று கேட்கமாட்டார்கள் என்ற நிச்சயம். றொப்பின் பதினாலாயிரம் மைலுக்கும் அடியில் இந்த நிச்சயம் கிடக்கின்றது. காற்றைப் போல எப்போதும் இருப்பதால் அவர் அதைப் பற்றி எழுதவில்லை. இந்த வகை நூல்கள் எதிலும் அது எழுதப்பட்டதாக நான் காணவில்லை.

இந்த நூலுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்து வாசிக்கவேண்டும். 1877இல் வெளிவந்த, 'இரு சிறுவர்களின் பிரான்ஸ் சுற்றுப்பயணம்' எனப் பொருள்படும் தலைப்புடைய பாடசாலை நூல். ஜி. புறூனோ என்ற புனைபெயரில் எழுதியவர் ஒகுஸ்தீன் ஃபூயே என்ற பெண்மணி. 1901க்குள் அறுபது இலட்சம் பிரதிகள் விற்றன. பிரெஞ்சுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் நாட்டை அறிந்துகொண்டது இதில்தான். கதை என்ன? 1871இல் ஜேர்மனி எடுத்துக்கொண்ட லொறேனிலிருந்து, தகப்பனை இழந்த இரண்டு பிள்ளைகள், பதினாலு வயதும் ஏழு வயதும், மூடுபனி இரவில் ஊரைவிட்டு வெளியேறி, மலைக்காட்டு வழியாகக் களவாக எல்லை கடந்து பிரான்ஸுக்குள் வருகின்றார்கள். குடியுரிமைக்குப் பத்திரங்கள் வேண்டும், அதற்காக மார்சேயில் இருக்கும் சிற்றப்பனைத் தேடிப் போகின்றார்கள். ஒரு தேசத்தின் அரிச்சுவடியே களவாக எல்லை கடந்த பிள்ளைகளின் கதை. வழியெல்லாம் அவர்களுக்குக் கதவு திறக்கின்றது. ஒவ்வொரு ஊரிலும் நின்று பார்க்கிறார்கள், பாலாடைக்கட்டி எப்படிச் செய்வது என்று கேட்டு அறிகிறார்கள். நிற்க விட்டபடியால்தான் அவர்கள் அந்த நாட்டுப் பிள்ளைகள் ஆனார்கள்.

நான் சொல்வதை நானே சோதித்துப் பார்க்க விரும்பினேன். 2024 ஜூனில், அகதிப் பயணப் புத்தகத்தில் விசா எடுத்து, பழைய சைக்கிள் ஒன்றோடு நியூஹேவனில் கப்பல் ஏறி நாலு மணித்தியாலத்தில் டியெப்பில் இறங்கினேன். லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் 'பசுமைப் பாதை' 2012இல் திறக்கப்பட்டது. டியெப்புக்குக் கிட்ட ஆர்க் லா பத்தாயிலிருந்து ஃபோர்ஜ் லெஸோ வரை அது கைவிடப்பட்ட ரயில்பாதையின் மேல் போகின்றது. ஏற்றமே இல்லை, பழக்கமில்லாதவரும் ஓடலாம். இருபக்கமும் பிறே பிரதேசத்துப் புல்வெளிகளும் மாடுகளும். றெஸ்ரோறண்டில் இரண்டு நாள் லீவு மட்டுமே கிடைத்ததால் அதற்கு மேல் போகவில்லை.

முதல் இருபது கிலோமீற்றரும் நான் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நிற்கத் தோன்றவில்லை. பாதை ஓர் ஊர் வீதியைக் குறுக்கறுக்கும் இடத்தில் பொலிஸ் வாகனம் ஒன்று நின்றது. நினைக்குமுன்னமே சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டத் தொடங்கிவிட்டேன். யாழ்ப்பாணத்துச் சென்றியில் அப்படித்தான் போகவேண்டும். உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்க்கவுமில்லை. நெஃப்ஷாத்தெலில், இருதய வடிவில் செய்யும் அவ்வூர்ப் பாலாடைக்கட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, பழைய ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு வாங்கில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் இருந்திருப்பேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில் பார்த்ததை இன்றும் என்னால் எழுதமுடியும். கூரை ஓட்டின் நிறம் முதல் எதிர்வீட்டுக் கிழவி ஜன்னலை எத்தனை தரம் திறந்து மூடினாள் என்பதுவரை.

இது எங்களுடைய எழுத்துக்கும் பொருந்தும். புகலிட இலக்கியம் என்று நாம் நாற்பது வருடமாக எழுதி வருகிறோம். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) போன்ற நாவல்கள் வந்துவிட்டன. அவர் நடித்த 'தீபன்' 2015இல் கான் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்றது. ஆயினும் என் வாசிப்புக்கு எட்டியவரை எங்கள் பிரான்ஸ் என்பது பாரிஸும் அதன் புறநகரும்தான். அறை, மெற்றோ, குசினி, பனி, திரும்பவும் அறை. எத்தனையோ ஆயிரம் பேர் கடந்துவந்த வயல்களும் ஆறுகளும் எங்கள் கதைகளில் 'பிறகு ஒரு லொறியில் ஏற்றினார்கள்' என்ற ஒரு வசனத்தில் முடிந்துவிடுகின்றன. அதற்குக் காரணம் எழுத்தாளர்களின் சோம்பல் அல்ல. நிற்க விடாதவனால் பார்க்கமுடியாது. ஆனால் இன்று எம்மில் பலருக்குப் பத்திரம் கிடைத்துவிட்டது, காரும் வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் லாசப்பலுக்கு ஓடிப்போய், பொருள் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே திரும்பி ஓடிவருகிறோம். லொறிக்குள் பழகிய பழக்கம் இப்போது நாமே ஓட்டும்போதும் விடவில்லை.

றொப்பின் நூல்களை எம்மவர் வாசிக்கவேண்டும். காகோக்கள் பற்றிய பகுதியைச் சண்டை பிடித்துக்கொண்டு வாசிக்கவேண்டும். லாசப்பல் கணவாய் பற்றிய பகுதியை லாசப்பலிலேயே, றூ பஜோல் மூலையில் நின்று வாசிக்கலாம். மொன்மாத் பக்கமும் பெல்வில் பக்கமும் நிலம் உயர்வது அங்கிருந்து தெரியும் என்கிறார்கள். நான் இருந்த அறையின் ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. அடுத்தமுறை போகும்போது வெளியே நின்று பார்க்கவேண்டும்.